இனி உன்னிடம் அனுமதி கேட்க மாட்டேன்

தம்பி,

வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே தொடங்குகிறேன். பேனா பிடித்து எழுதி ரொம்ப நாளாயிற்று. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதைப் போனிலேயே தட்டி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் நீ வேலைக்கு நடுவில் கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டு 'ஓகே மா' என்று போட்டுவிடுவாய். தாளை அப்படித் தள்ள முடியாது. போன வாரம் நீ 'உங்க இஷ்டம்மா' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை. எனக்கும் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாததா? சண்டை எதற்கு? என் போனில் ஒரு பொத்தானை உன்னைக் கேட்காமல் நான் அமுக்கியதற்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எதிர்வீட்டு மைமூன் அக்காவிடம் சொன்னேன், அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இத எழுதிப் போடு லா, என் புள்ளைங்களும் படிக்கட்டும்" என்றார். அதனால் நாலு பேர் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் என் மருமகள் ப்ரியாவும் பெர்த் நகருக்குக் குடிபோவதற்கு முந்தின சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? ஹாலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாட்டினாய். கதவுக்குச் சாவியில்லாத பூட்டு, மூலையில் ஒரு காமிரா, தானே ஊர்ந்து வீடு பெருக்கும் வட்ட யந்திரம், எனக்கு ஒரு புதுப் போன். நான் அடுப்படியில் உனக்காக மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, விரலைக் கொஞ்சம் குடுங்க" என்று கூப்பிட்டாய். புளி கரைத்த விரலைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தேன். பூட்டு ஒரு தடவை கீச்சென்றது. அன்றைக்கு அத்தனை பொருளுக்கும் சேர்த்து என்னிடம் கேட்கப்பட்டது அந்த விரல் ஒன்றுதான். இது வேண்டுமா, அது வேண்டுமா, எந்த நிறம், எங்கே வைப்பது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளையிடம் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மைமூன் அக்கா அப்போதுதான் ஏமாந்திருந்தார். போனில் மலிவாக மீன் விற்கிறோம் என்று விளம்பரம் வந்தது, இந்த ஆப்பை இறக்குங்கள் என்றார்கள், இறக்கினார், வங்கியில் இருந்தது போயிற்று. கீழே தேக்கா சந்தையிலேயே துள்ளுகிற மீன்களெல்லாம் இருக்க, அக்காவுக்குப் போனில் மீன் வாங்க ஆசை. யானைக்கும் அடி சறுக்கும். நீ அதைக் கேட்டுப் பதறிப்போனாய். நான் எதையும் இறக்கக் கூடாது, இறக்குவதென்றால் உன்னைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தாய். அப்படிப் பூட்டுப் போடப் பெரியவர்களின் கணக்கு இடம் கொடுக்காதாம். அதனால் எனக்குச் சிறுபிள்ளைக் கணக்கு ஒன்றைத் திறந்தாய். தேதியும் மாதமும் என்னுடையவை, வருடம் மட்டும் உன் கற்பனை. "சும்மா ஒரு வருஷம் போட்டிருக்கேன்மா, இல்லாட்டி லாக் பண்ண விடாது" என்றாய். அந்தக் கணக்கின்படி நான் பத்து வயதுப் பிள்ளை. பெற்றோர் என்ற இடத்தில் உன் பெயர்.

அதன் ருசி எனக்கு முதலில் தெரிந்தது கண் கிளினிக்கில். கவுன்டரில் இருந்த பெண், "ஆன்ட்டி, எங்க ஆப்ப டவுன்லோட் பண்ணி அதுல நம்பர் எடுங்க" என்றாள். அமுக்கினேன். போனை நான்தான் தமிழில் வைத்திருந்தேனே, அழகான தமிழில் வந்தது: 'உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்.' என் பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற சீனத் தாத்தா என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார். நான் 'கேள்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையைப்போல வரிசையை விட்டு ஓரமாக நின்றேன். உன்னிடமிருந்து அனுமதி உடனே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை எனக்கு முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

நான் கணினியைப் பார்த்து மிரள்கிறவள் இல்லை, தம்பி. சாங்கி விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிக் கவுன்டரில் என் வயதில் பாதியைக் கழித்தவள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்திலிருந்து தட்டியவள். அங்கே நாங்கள் படித்த பாடம் ஒன்றுதான்: பெட்டி யாருடையது என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்லக் கூடாது, சீட்டைப் பார். ஒரு நாள் திருச்சி விமானத்தில் ஒரு பெரியவர் வந்தார். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. சீட்டும் சரி, பெயரும் சரி. சுங்கத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். பூட்டின் எண் அவருக்குத் தெரியவில்லை, மகன் போட்டதாம். மகனுக்கு அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. உள்ளே அவருடைய மாத்திரை இருந்தது. "என் பொட்டிதாம்மா, ஆனா எனக்குத் தெறக்காது" என்று பெஞ்சில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அவர்மேல் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன். இப்போது இந்த வீட்டில் உள்ள பொருள்களில் சீட்டைத் தேடினால் எல்லாவற்றிலும் உன் பெயர்தான் இருக்கிறது. அந்த வட்ட யந்திரம் என் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டபோது நான் கட்டிலின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அது பெர்த்தில் இருக்கிற உன்னிடம் உதவி கேட்டது. நீ எனக்குச் செய்தி அனுப்பினாய், "அம்மா, கட்டிலுக்கு அடியில பாருங்க" என்று. குனிந்து இழுத்துவிட்டேன்.

உன் அப்பா இருந்திருந்தால் இந்தப் பொருள்களில் பாதி வாசலைத் தாண்டியிருக்காது. அவர் காற்றாடி வாங்கிய கதை உனக்கு மறந்திருக்காது, நீதானே அழுதாய். சிராங்கூன் ரோட்டுக் கடையில் ஒரு மேசைக் காற்றாடிக்காக அந்தக் கடைக்காரரை அவர் படுத்திய பாடு! ஒவ்வொன்றையும் ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டார். பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கழற்றித் துடைக்க முடியுமா, றெக்கை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. நீ பசியில் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சிணுங்கினாய். கடைக்காரர் பொறுமையிழந்து, "அண்ணே, இதான் இப்ப நல்லா ஓடுது, எல்லாரும் இததான் வாங்குறாங்க" என்றார். "எல்லாரும் என் வீட்டுலயா லா தூங்கப் போறாங்க?" என்று அப்பா கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு இவ்வளவு பிகுவா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் காற்றாடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எதை வாங்கினாலும் அதில் தன் கை பட்டிருக்க வேண்டும் அவருக்கு. எனக்கும் அந்த ஆசை உண்டு என்று மூன்று வருடமாகத்தான் எனக்கே தெரிகிறது.

அப்படியானால் அந்தப் பூட்டை அப்போதே எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். நீ போன பிறகு நான் உனக்கு அனுப்பிய 'சாப்பிட்டியா?'களுக்கு மறுநாள்தான் பதில் வரும், சில சமயம் ஒரு படம் மட்டும் வரும், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம். ஆனால் போனில் எதையாவது இறக்க அனுமதி கேட்டால் உடனே வரும். கூட்டத்தில் இருந்தாலும் வரும், கார் ஓட்டிக்கொண்டிருந்தாலும் சிவப்பு விளக்கில் வரும். கொஞ்ச நாளில் எனக்குப் பழகிவிட்டது. திசைகாட்டி கேட்டேன். புல்லாங்குழல் வாசிக்கும் ஆப் கேட்டேன். ஒட்டகப் பந்தயம் ஒன்று கேட்டேன். எதுவும் எனக்குத் தேவையில்லை. தேக்கா புளோக்கில் ஏழாவது மாடியில் இருந்துகொண்டு வடக்கு எது தெற்கு எது என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? நீ 'சரி' என்று சொல்லும்போது அந்தப் பக்கத்தில் என்னை நினைத்தாய் என்று அர்த்தம். அதற்காகக் கேட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

இதே விளையாட்டை நீ என்னிடம் ஆடியிருக்கிறாய். உனக்குப் பதினாலு வயதிருக்கும், கணினியே கதி என்று கிடந்தாய். நான் இணையப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாங்கிக்கு வேலைக்குப் போய்விடுவேன். மதியமானால் கவுன்டர் போன் அடிக்கும். "அம்மா, கணக்குப் போட்டுட்டேன். அம்மா, சாப்பிட்டுட்டேன். அம்மா, எப்ப வருவீங்க?" கூட வேலை பார்த்தவர்கள், உன் மகனுக்கு உன்மேல் எவ்வளவு பாசம் என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பரீட்சை முடிந்து, பையன் வளர்ந்துவிட்டான் என்று கம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அன்றிலிருந்து கவுன்டர் போன் எனக்காக அடிக்கவில்லை. அப்போது நீ என்னைத் தேடவில்லை, கம்பியைத்தான் தேடினாய் என்று புரிந்தது. அதில் உன் தப்பு ஒன்றுமில்லை, பிள்ளைகள் அப்படித்தான். கையில் பூட்டும் சாவியும் இருக்கிற வரைக்கும் வருகிற பேச்சு எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தும், வயதான பிறகு அதே வலையில் போய் விழுந்தேன்.

காமிராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நீ வேலை நேரத்தில் கூப்பிட்டாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எடுத்த எடுப்பில், "அம்மா, ஏன் இவ்வளவு நேரமா ஒரே இடத்துல உக்காந்திருக்கீங்க?" என்றாய். "டிவி பாக்குறேன்பா" என்றேன். "டிவி ஆஃப்ல இருக்கும்மா" என்றாய். ஹாலில் அசைவே இல்லை என்று காமிரா உனக்குச் சொல்லியிருக்கிறது. நான் மயங்கிவிட்டேனோ என்று நீ பயந்துவிட்டாய். மயக்கம் ஒன்றுமில்லை, தம்பி. கீழே சந்தைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றி உட்கார்ந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தோன்றவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். ஒருத்தருக்குச் சமைக்கிற வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதை உன்னிடம் சொல்ல வந்தேன். அதற்குள் நீ, "ஓகே, நல்லாத்தான இருக்கீங்க? மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்" என்றாய். நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரிந்தது, ஏன் உட்கார்ந்திருந்தேன் என்பது தெரியாமலே போயிற்று. அதன்பிறகு ஹாலில் நான் சும்மா உட்காருவதில்லை. உட்கார வேண்டும் என்றால் அடுப்படி ஸ்டூலுக்குப் போய்விடுவேன்.

பிறகு அந்தக் குழந்தைப் பெயர் விவகாரம். எத்தனை நாள் ஒட்டகத்தையும் புல்லாங்குழலையும் கேட்பது? ஒரு பெரிய கல்லாகப் போட்டுப் பார்ப்போம் என்று, பிறக்கப் போகும் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைக் கேட்டேன். நீ பதறிக் கூப்பிடுவாய், 'அம்மா, இப்பவேவா?' என்று வெட்கப்படுவாய், ப்ரியா பின்னாலிருந்து சிரிப்பாள், நான் 'மைமூன் அக்கா பேத்திக்குத்தான்பா' என்று சமாளிப்பேன் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கண் இமைப்பதற்குள் அனுமதி வந்தது. அழைப்பு வரவில்லை. அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், காய் நறுக்கும்போதுகூட. அந்த வாரக் கடைசியில் நீ கூப்பிட்டபோது நானாகவே கேட்டேன்.

"நான் கேட்ட ஆப்பப் பாத்தியா?"

"எதும்மா? ஓ, அப்ரூவ் பண்ணிட்டேனே."

"என்னன்னு பாத்தியாடா?"

"பாக்கலம்மா. உங்ககிட்டேர்ந்து வந்தா அமுக்கிடுவேன், பழக்கமாயிடுச்சு. நீங்க தப்பா எதையும் எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்குப்பா இந்தப் பூட்டு?"

"சும்மா லா. ஒரு சேஃப்டிக்கு."

உன் வாயால் என்னை நம்புகிறேன் என்று சொன்னாய், அதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கத்தில் என்னை நினைத்தது உன் கட்டைவிரல் மட்டும்தான்.

என் பிறந்தநாள் வந்தது. அறுபத்தாறு. காலையில் என்னை முதலில் வாழ்த்தியது போன்தான். பாட்டோடு, பலூனோடு. வாழ்த்திவிட்டு, 'உங்களுக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. இனி உங்கள் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்' என்றது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'நானே பார்த்துக்கொள்கிறேன்', இன்னொன்றில் 'பெற்றோரின் கண்காணிப்பில் தொடரட்டும்'. எனக்கு எதை அமுக்குவது என்று தெரியவில்லை. நீ மதியம் கேக் அனுப்பினாய், தொட்டுப் பார்க்கவே மனம் வராத அளவுக்கு அழகாக இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மைமூன் அக்காவைத் தேடிப் போனேன். அவர் என்னைக் கீழே தேக்கா கடைக்கு இழுத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு கிளாஸ் பால் விடாத தே ஓ வாங்கி வைத்து, போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"யா அல்லா! வயசுக்கு வந்துட்டியா? சொல்லவே இல்ல! புட்டு அவிச்சு ஊருக்கே குடுக்கணும் லா."

"சும்மா இருங்கக்கா. எத அமுக்குறதுன்னு சொல்லுங்க."

"இதுல கேக்க என்ன இருக்கு? ஒன் போனு, நீ அமுக்கு. ஏமாந்தது நானு. எம் புள்ளைங்க லீவுக்கு வந்தப்ப என் போனையே புடுங்கிட்டானுங்க, பட்டன் போன்தான் குடுத்து வச்சிருக்கானுங்க. ஒனக்கு ஒரு வழி கெடச்சிருக்கு, அதப் போயி யோசிக்கிறியே."

"அமுக்கிட்டா அவன்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இருக்காதேக்கா."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். என் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு கிழவிகளும் மேசை துடைக்கிறவர் வந்து எழுப்பும்வரை அப்படியே இருந்தோம். வெளியில் ஒருவரிடம் அதைச் சொன்ன பிறகுதான் எவ்வளவு அவமானமான வியாபாரம் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. என் வீட்டுச் சாவியைக் கொடுத்து உன் ஒரு வினாடியை வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் குளித்து, விளக்கேற்றி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பொத்தானை அமுக்கினேன்.

அதற்குத்தான் நீ அலறிக்கொண்டு கூப்பிட்டாய். "அம்மா, உங்க போன யாராவது வாங்கினாங்களா? ஏதாவது லிங்க் அமுக்கினீங்களா?" என்று. நான்தான் அமுக்கினேன் என்றேன். ஏன் என்றாய். என் போன் என்றேன். "நான் என்ன உங்களக் கொடுமையா படுத்தினேன்? சேஃபா இருக்கட்டும்னுதானே செஞ்சேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாய். ஆகட்டும் என்றேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "உங்க இஷ்டம்மா" என்றாய். நம் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் யாருக்கும் நல்ல மனதோடு கொடுத்ததில்லை. கதவைச் சாத்தும்போதுதான் அது வாயில் வரும், நானும் அப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

'ஏதாவது ஆச்சுன்னா' என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்ததைக் கவனித்தேன். நீ எதை நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அப்பா போன அன்று நான் சாங்கியில் இருந்தேன், நீ வேலையில் இருந்தாய். இரண்டு பேரும் வீடு திரும்பியபோது அவர் அடுப்படி வாசலில் கிடந்தார். எத்தனை நேரம் கிடந்தார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. நீ அந்தக் காமிராவை மாட்டும்போது ஒரு தடவைகூட அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அதை அடுப்படி வாசல் தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாய். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே அதைப் பார்த்தேன். ஒரு காமிரா இருந்திருந்தால் என்று நீ நினைக்கிறாய். நானும் நினைக்கிறேன், தினமும் நினைக்கிறேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல்லாக இருந்திருந்தால் இத்தனை பூட்டும் கண்ணும் வாங்கியிருக்க மாட்டாய். அது எனக்குப் புரியாமல் நான் பொத்தானை அமுக்கவில்லை.

அதனால் நான் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், நீ தேவையில்லாமல் கவலைப்பட வேண்டாம். விழுந்தால் தானே ஆளைக் கூப்பிடும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். நானே கடைக்குப் போய் வாங்கினேன். அந்தக் கடைப் பையனை உன் அப்பா பாணியில் ஒரு வழி பண்ணிவிட்டேன். இது யார் பெயரில் இருக்கும், யாருக்கெல்லாம் சொல்லும், எனக்கு வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது என்று மூன்று கடிகாரத்துக்கும் கேட்டேன். அவன் முதல் இரண்டுக்கு விழித்தான், மூன்றாவதற்குப் பதில் சொன்னான், அதை வாங்கினேன். விழுந்தால் முதலில் மைமூன் அக்காவுக்கு, அடுத்தது உனக்கு அடிக்கும். கதவுக்குப் பழையபடி சாவிப் பூட்டு போட்டாயிற்று, ஒரு சாவி அக்காவிடம் இருக்கிறது. காமிராவைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். அந்த வட்ட யந்திரம் இருக்கட்டும், எனக்கு அதைப் பிடிக்கும். அதையும் என் பெயருக்கு மாற்றிவிடு, மாட்டிக்கொண்டால் என்னிடமே சொல்லட்டும்.

நீ புத்திசாலி, உனக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. இதை மட்டும் கேள். எதை வாங்கினாலும், எதில் சேர்ந்தாலும், நுழைவது எவ்வளவு சுலபம் என்று காட்டுவார்கள். வெளியே வரும் வழி எங்கே என்று அப்போதே கேட்டுவிடு. மூஞ்சியைச் சுளிப்பார்கள், கேள். ப்ரியா எங்கே இருக்கிறாள் என்று உன் போனில் ஒரு புள்ளி நகர்வதைப் போன தடவை எனக்குக் காட்டினாய். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்காமல் விட்டுவிடாதே. கேட்பதற்குப் பதில் சொல்லும்போதுதான் வழியில் யாரைப் பார்த்தாள், கால் வலிக்கிறதா, ஏன் தாமதம் என்பதெல்லாம் வரும். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து நீ அதற்குப் பூட்டுப் போட வேண்டியிருக்கும், போடு, சின்ன வயதில் வேண்டியதுதான். ஆனால் அது 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்கிற அன்று பயத்தில் கத்தாதே. என்னிடம் கத்தியதே போதும்.

நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்குத் தனிமையாக இருக்கிறது, தம்பி. மூன்று வருடமாக அதைச் சொல்லத் தெரியாமல்தான் ஒட்டகத்தையும் திசைகாட்டியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி என்னிடமிருந்து அனுமதி கேட்டு எதுவும் வராது. உன் திரையில் என் பெயர் வந்தால், உன்னோடு பேச ஆசைப்பட்டு நான் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம், வேறு காரணம் இருக்காது. எடுப்பதும் விடுவதும் நீ முடிவு செய்ய வேண்டியது. விட்டால் எனக்கு வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக நீ எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டிப்போடுகிற வழி ஒன்று இருந்தாலும் அதை நான் எடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். மைமூன் அக்காவின் பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், அங்கே இப்போது பகலா இரவா என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் போனை எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே பத்து அடிக்கும்போது உனக்கும் பத்துதான்.

அம்மா